ஒரு மணி நேரத் துணை: ஸ்காபரோவின் தமிழ் முதியோரும் தன்னார்வத் தொண்டும்

பிறந்த மண்ணில் முதுமை அடைவதும் பெயர்ந்து வந்த மண்ணில் முதுமை அடைவதும் ஒன்றல்ல. ஊரில் வாழும் முதியவருக்கு உடல் தளர்ந்தாலும் அவர் சேர்த்து வைத்த அறிவு தளர்வதில்லை. எந்தக் காணிக்கு எது எல்லை, எந்த நோய்க்கு எந்த வைத்தியரிடம் போக வேண்டும், யாருடைய மகளுக்கு எந்தக் குடும்பம் பொருந்தும் என்பவற்றையெல்லாம் அறிந்தவர் என்பதால் அவரை நாடி வருவோர் இருந்துகொண்டே இருப்பர். அவரே கனடாவின் டொராண்டோ நகரில் வந்து இறங்கியதும் அந்த அறிவு முழுவதும் செல்லாக்காசாகிவிடுகிறது. பேருந்துக் கட்டணம் செலுத்தும் முறையைப் பேரனிடம் கேட்டறிய வேண்டியவராகவும், தம் மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதைத் தாமே வாசிக்க இயலாதவராகவும், வாசல் மணி ஒலித்தால் திறப்பதா வேண்டாமா என்று தயங்குபவராகவும் அவர் மாறுகிறார். இத்தகைய முதியோருக்கு உறவினர் அல்லாத ஒருவர் ஊதியம் எதிர்பாராமல் தம் நேரத்தையும் மொழியையும் தந்து துணை நிற்பதே இங்கு தன்னார்வத் தொண்டு என்று குறிக்கப்படுகிறது. இதனைப் பலர் ஓய்வு கிடைத்தபோது செய்யும் நற்செயல் என்று எண்ணினாலும், முறையாகக் கற்று, கட்டுப்பாட்டோடு தொடர்ந்து செய்ய வேண்டிய பணி இது என்பதே டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் தமிழ்ச் சமூகத்தை உற்று நோக்கும் எவருக்கும் புலப்படும் உண்மை.

கனடாவில் இலங்கைத் தமிழர் பெருமளவில் குடியேறத் தொடங்கியது 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின்னரே. 1986 ஆகஸ்டில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் கடலில் தத்தளித்து, மீனவர்களால் காப்பாற்றப்பட்ட நிகழ்வு அந்நாட்டு மக்களின் கவனத்தை ஈர்த்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் அகதிகளாகவும் குடும்ப இணைப்பின் வழியாகவும் வந்தோர் தொகை பெருகி, 2021ஆம் ஆண்டுக் கனடிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைத் தமிழர் என்று பதிந்தோர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆயினர். அவர்களிற் பெரும்பாலோர் டொராண்டோப் பெருநகரப் பகுதியில் வாழ்கின்றனர். இச்சமூகத்தின் முதியோரை ஒரே கூட்டமாகக் கருதுவது பிழை. பிள்ளைகளால் பின்னர் அழைத்து வரப்பட்டு, அறுபது வயதைக் கடந்த நிலையில் கனடிய மண்ணை முதன்முதலாக மிதித்த பெற்றோர் ஒரு தலைமுறை. இருபது வயதுகளில் அகதியாக வந்து, தொழிற்சாலையிலும் உணவகச் சமையற்கட்டிலும் அலுவலகத் துப்புரவுப் பணியிலுமாக ஒரே நாளில் இரண்டு வேலை பார்த்து, ஊரிலிருந்த உடன்பிறந்தோரைக் கரைசேர்த்து, இன்று தாமே அறுபதையும் எழுபதையும் எட்டிக்கொண்டிருப்போர் அடுத்த தலைமுறை. முன்னவர்களுக்கு ஆங்கிலம் இல்லை, வாகனம் இல்லை, நாட்டின் நடைமுறை தெரியாது. பின்னவர்களுக்கு இவை யாவும் இருந்தும், தமக்கென்று ஓய்வையோ நட்பையோ வளர்த்துக்கொள்ள வாழ்க்கை இடம் தந்ததில்லை.

பெற்றோர் பிள்ளைகளைச் சார்ந்திருப்பது தமிழர் பண்பாடு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் கனடாவில் அச்சார்புநிலையைச் சட்டமும் சேர்ந்தே வகுத்திருக்கிறது. பெற்றோரை நிரந்தர வதிவிடத்துக்கு அழைக்கும் பிள்ளை, அவர்களது அடிப்படைத் தேவைகள் யாவற்றுக்கும் தாமே பொறுப்பு என்று அரசுக்கு உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்பான்சர் பொறுப்பு எனப்படும் இந்த உறுதிமொழியின் காலம் 10 ஆண்டுகளாக இருந்து, 2014 ஜனவரி முதல் கியூபெக் தவிர்ந்த பகுதிகளில் 20 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. முதியோர் ஓய்வூதியம் 65 வயதானவருக்கு உரியது என்றாலும், 18 வயதுக்குப் பின் குறைந்தது 10 ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருத்தல் வேண்டும். முழுத் தொகையையும் பெற 40 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்பதால், 63 வயதில் வந்திறங்கிய தாய் 73 வயது வரை தம் பெயரில் ஒரு காசோலையையும் காண்பதில்லை, அதன்பின்னும் அவருக்குரிய அடிப்படைப் பங்கு நாற்பதில் பத்து மட்டுமே. 2011 டிசம்பரில் அறிமுகமான சூப்பர் விசா என்னும் நீண்டகால வருகையாளர் அனுமதியில் வருவோரின் நிலை இதைவிட இக்கட்டானது. ஒரே தடவையில் 5 ஆண்டுகள் வரை தங்க அவர்களுக்கு இப்போது இசைவுண்டு. ஆயினும் குறைந்தது 1,00,000 டாலருக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுத்தே வர வேண்டும், ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்பீட்டு அட்டை அவர்களுக்குக் கிடையாது, ஆகவே மாகாண அரசின் செலவில் வீட்டுக்கு வரும் பராமரிப்பாளரும் கிடையாது. தன்னார்வத் துணை மிகவும் தேவைப்படுபவர்கள் எந்த அரசுப் பட்டியலிலும் இடம்பெறாத இவர்களே.

ஒரு நாளின் போக்கை எடுத்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். மகனும் மருமகளும் இருள் பிரியுமுன்னரே வேலைக்குப் புறப்படுகின்றனர். பேரப்பிள்ளைகள் பாடசாலைப் பேருந்தில் ஏறியதும் வீட்டில் எஞ்சுபவர் அப்பம்மா ஒருவரே. பகல் முழுவதும் தொலைக்காட்சியில் தமிழ்த் தொடர், நடுவில் ஊரிலிருக்கும் தங்கையோடு வாட்ஸ்அப் அழைப்பு, அதுவும் இலங்கையில் இரவாகிவிட்டதால் விரைவில் முடிந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்திருக்கும் மெல்லிய பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர்களின் கதைகளைக் கேட்டவர் நான்கு மாதங்கள் வெளியே கால் வைக்க அஞ்சுகிறார். 1985 முதல் ஓடிய ஸ்காபரோ ஆர்டி ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டு அத்தோடு நிரந்தரமாக மூடப்பட்டபின், கார் இல்லாதவர் எங்கு போவதற்கும் பேருந்துக்காகக் குளிரில் காத்து நிற்க வேண்டியுள்ளது. மாலையில் வீடு நிறைந்தாலும் பேச்சு நிறைவதில்லை. பிள்ளைகள் களைத்து வருகின்றனர், பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கின்றனர். குழந்தைகள் சிறியவர்களாக இருந்தபோது அவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, உறங்க வைத்ததில் அப்பம்மாவுக்கு ஓர் இடம் இருந்தது. அவர்கள் வளர்ந்து தம் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் வயதை அடையும்போதுதான் அவரது தனிமை முழு வடிவம் பெறுகிறது.

தனித்திருத்தலும் தனிமையும் வேறுவேறு என்பதை முதுமையியல், அதாவது முதுமையின் உடல், உள, சமூக நிலைகளை ஆராயும் துறை, வலியுறுத்திக் கூறுகிறது. தனித்திருத்தல் எண்ணிக்கையைச் சார்ந்தது. தனிமை என்பது ஒருவர் நாடும் உறவுக்கும் அவருக்குக் கிடைக்கும் உறவுக்கும் இடையிலுள்ள இடைவெளி. அதனால் ஏழு பேர் வாழும் வீட்டிலும் ஒருவர் தனிமையில் இருக்க முடியும். இதை வெறும் மனக்குறை என்று தள்ளிவிட இயலாது. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவினரும் 148 ஆய்வுகளில் இடம்பெற்ற 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, வலுவான சமூக உறவுகள் உடையோர் ஆய்வுக் காலத்தின் முடிவில் உயிரோடிருக்கும் வாய்ப்பு, அத்தகைய உறவுகள் அற்றோரைவிட 50 விழுக்காடு அதிகம்.

தன்னார்வலர் செய்வது என்ன என்ற கேள்விக்கு அமைப்புகளின் விளக்கக் கையேடுகள் தரும் விடை சுருக்கமானது: வாரந்தோறும் வீட்டுக்குச் சென்று உரையாடுதல், தொலைபேசியில் நலம் விசாரித்தல், மருத்துவரிடமும் வங்கிக்கும் கடைக்கும் உடன் செல்லுதல், தபாலில் வந்த அரசுக் கடிதத்தை வாசித்துச் சொல்லுதல், முதியோர் பகல்நேர ஒன்றுகூடலில் உதவுதல், உணவு கொண்டு சென்று கொடுத்தல். குளிப்பாட்டுதல், காயத்துக்கு மருந்திடுதல் போன்றவை பயிற்சி பெற்ற ஊதியப் பணியாளர்களுக்கு உரியவை. தன்னார்வலர் அவற்றில் கை வைக்கலாகாது. பட்டியல் இவ்வளவே ஆனாலும், இவற்றுள் மருத்துவரிடம் உடன் செல்லுதல் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட அதனுள் எத்தனை நுட்பங்கள் அடங்கியுள்ளன என்பது தெரியவரும்.

யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் “ஒரே யோசனையாக் கிடக்குது” என்று சொன்னால், அதை ஆங்கிலத்தில் அவர் ஏதோ சிந்தித்துக்கொண்டிருக்கிறார் என்று பெயர்ப்பவர் மருத்துவரை முற்றிலும் வேறு திசைக்கு அனுப்பிவிடுகிறார். ஈழத்துப் பேச்சு வழக்கில் யோசனை என்பது சிந்தனையன்று. உறக்கத்தைக் கெடுக்கும் ஓயாத கவலை அது, மருத்துவர் மனச்சோர்வு என்று பெயரிடக்கூடிய நிலையின் முதல் அறிகுறியாகவும் அமையலாம். “கை காலெல்லாம் உளையுது”, “நெஞ்சு பதறுது”, “பெருமூச்சாய் வருது” என்பனவும் இத்தகையவையே. உள்ளத்தின் துயரத்தை உடலின் மொழியில் சொல்லும் இவ்வழக்குகளைப் போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தம் ஆய்வுகளில் எடுத்துக் காட்டியுள்ளார். மருத்துவர் நலம் கேட்டதும் “பிழையில்லை, இருக்கிறன்” என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டுத் திரும்பி வரும் வழியில், பேருந்து நிறுத்தத்தில், மூன்று நாளாகத் தலை சுற்றுவதைச் சொல்பவர் அதே மூதாட்டிதான். அடுத்த முறை மருத்துவரிடம் போகுமுன் வீட்டிலேயே அமர்ந்து, கேட்க வேண்டியவற்றையும் சொல்ல வேண்டியவற்றையும் பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் செய்வது, தேர்ந்த தன்னார்வலரின் பழக்கம்.

இங்கே ஓர் எல்லையும் உண்டு. தன்னார்வலர் மொழிபெயர்ப்பாளர் அல்லர். அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் அளிப்பது, புற்றுநோய் என்ற முடிவை அறிவிப்பது போன்ற தருணங்களில், இரகசியம் காக்கவும் கூட்டாமல் குறைக்காமல் பெயர்க்கவும் பயிற்சி பெற்ற மருத்துவ மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவதே தன்னார்வலர் செய்யக்கூடிய உதவி. பல குடும்பங்களில் இந்தப் பொறுப்பு பன்னிரண்டு வயதுப் பேத்தியின் தலையில் விழுகிறது. கருப்பையில் இரத்தப்போக்கு என்பதைப் பேத்தியின் முன் சொல்லக் கூசி, வயிற்றுவலி என்று சொல்லித் திரும்பிவிடும் அம்மம்மாவுக்கு நேரும் தீங்கு, நோய் முற்றிய பின்னரே வெளிப்படுகிறது. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவது முதியவருக்கும் அநீதி, பிள்ளைக்கும் அநீதி.

நினைவாற்றலை அளக்கும் சோதனையை எடுத்துக்கொண்டால் மொழியின் எடை இன்னும் துலக்கமாகத் தெரியும். மறதிநோயின் தொடக்க நிலையைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் மோகா என்னும் சோதனை, கனடாவின் மொன்றியல் நகரில் நரம்பியல் மருத்துவர் ஸியாத் நஸ்ரதீன் 1996இல் உருவாக்கி 2005இல் முறைப்படி வெளியிட்டது. மொத்தம் 30 புள்ளிகள், 26க்குக் கீழே போனால் மேலும் ஆராய வேண்டும் என்பது அதன் பொது வழிமுறை. அதன் மூல ஆங்கில வடிவில் எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். கனசதுரம் ஒன்றைப் பார்த்து வரைய வேண்டும். பதினொன்று பத்தைக் காட்டும் கடிகாரம் வரைய வேண்டும். காண்டாமிருகத்தின் படத்தைக் கண்டு அதன் பெயரைச் சொல்ல வேண்டும். முகம், வெல்வெட், தேவாலயம், டெய்சிப் பூ, சிவப்பு என்ற ஐந்து சொற்களை ஐந்து நிமிடம் கழித்து நினைவிலிருந்து ஒப்பிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வெங்காயத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் உழைத்து, டெய்சிப் பூவைக் கண்ணால் கண்டிராத ஒருவர் இதில் இழக்கும் புள்ளிகளில் எத்தனை மறதியால், எத்தனை மொழியால் என்று பிரித்தறிவது எளிதன்று. இச்சோதனைக்குத் தமிழ் வடிவம் உண்டு என்பதும், பள்ளிக் கல்வி குறைந்தவருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கும் விதி உண்டு என்பதும் பல குடும்பங்களுக்குத் தெரியாது. தெரிந்த தன்னார்வலர் ஒருவர் உடனிருந்து அதை நினைவூட்டினாலே போதும், தவறான முடிவு ஒன்று தவிர்க்கப்படலாம்.

உண்மையிலேயே மறதிநோய் வந்தவர்களிடம் நிகழ்வது வேறொன்று. பின்னாளில் கற்ற மொழி முதலில் தேய, தாய்மொழி இறுதிவரை எஞ்சி நிற்பது இருமொழியாளர் பலரிடம் காணப்படும் போக்கு. முப்பதாண்டுகள் ஆங்கிலத்தில் மேற்பார்வையாளரோடு பேசி வேலை செய்தவர், ஒருநாள் செவிலியரின் எளிய கேள்விக்கும் தமிழிலேயே விடை சொல்லத் தொடங்குகிறார்; விளங்காத செவிலியர் அவரைக் குழம்பியவர் என்று குறித்துக்கொள்கிறார். கூடவே பழைய காட்சிகளும் மேலெழுகின்றன. விக்டோரியா தினம் என்பது மே மாதம் 25ஆம் தேதிக்கு முன்வரும் திங்கட்கிழமை கொண்டாடப்படும் கனடிய விடுமுறை. அன்றிரவு டொராண்டோவின் வானம் வாணவேடிக்கையால் அதிர்கிறது. 2009இல் அந்தத் திங்கட்கிழமை மே 18ஆம் தேதியாக அமைந்தது. இலங்கையின் வன்னிப் பகுதியில் உள்நாட்டுப் போர் முடிந்து, முள்ளிவாய்க்கால் நினைவாக ஈழத்தமிழர் இன்றளவும் துக்கம் காக்கும் அதே நாள். செல் விழும் ஓசையைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிப் பழகிய முதியவர் ஒருவர், ஆண்டுதோறும் அந்த வாரத்து வெடியோசைக்குக் கட்டிலின் கீழ் ஒளிந்தால் அவரை மூடிய கதவும் தாழிட்ட யன்னலும் மட்டும் அமைதிப்படுத்தா. அந்த இரவில் அவர் அருகில் அமர்ந்து, இது வாணவேடிக்கை, இது கனடா, பயமில்லை என்று அவருடைய மொழியில் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். இந்த ஒன்றைப் பராமரிப்பு இல்லங்களின் பணியாளருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துவதே பெருந்தொண்டு.

மொழியும் உணவும் சேர்ந்த பராமரிப்பு இயலாத கனவன்று என்பதற்கு ஸ்காபரோவிலேயே சான்று உண்டு. சீனச் சமூகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜோசஃப் வொங் முன்னின்று தொடங்கிய யீ ஹோங் முதியோர் பராமரிப்பு நிலையம் 1994இல் தன் முதல் இல்லத்தை அங்கே திறந்தது. சீன முதியோர் தம் மொழியில் பேசி, தம் உணவை உண்டு, தம் பண்டிகைகளைக் கொண்டாடி முதுமையைக் கழிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கம் தன்னார்வலர்களின் உழைப்பாலும் சமூகத்தின் நன்கொடையாலும் நிலைபெற்றது. பின்னர் ஃபின்ச் வீதியருகே எழுந்த அதன் இல்லத்தில் தெற்காசிய முதியோருக்கென்றும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. கோயில்களை எழுப்பத் தமிழர் காட்டிய ஊக்கத்தில் ஒரு பங்கை இத்தகைய இல்லங்களுக்கும் காட்டியிருந்தால், இடியப்பமும் சொதியும் கேட்டு ஏங்கும் முதியவர் முன் ஆறிய உருளைக்கிழங்கு மசியலை வைக்கும் நிலை இன்று குறைந்திருக்கும் என்று சொல்வதில் தவறில்லை.

தன்னார்வலர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் ஆராயத்தக்கது. ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற விரும்பும் ஒவ்வொரு மாணவரும் 40 மணி நேரச் சமூகப் பணி செய்திருக்க வேண்டும் என்ற விதி 1999 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ் மாணவர் பலர் இந்த மணி நேரங்களைக் கோயிலிலும் தமிழ் விழாக்களிலும் முதியோர் ஒன்றுகூடல்களிலும் நிறைவு செய்கின்றனர். கைபேசியில் காணொளி அழைப்பை எடுக்கக் கற்றுக்கொடுக்கும் பதினாறு வயது மாணவியும், அவளுடைய தமிழ் உச்சரிப்பைத் திருத்தும் எழுபத்தாறு வயது ஓய்வுபெற்ற ஆசிரியையும் அமர்ந்திருக்கும் மேசையில் யார் யாருக்குத் தொண்டு செய்கிறார்கள் என்று சொல்வது கடினம். ஆனால் நாற்பதாவது மணி முடிந்ததும் படிவத்தில் கையொப்பம் பெற்றுக்கொண்டு சொல்லாமல் மறைந்துவிடும் மாணவரும் உளர். அடுத்த செவ்வாய்க்கிழமை பலகாரம் சுட்டு வைத்துக் காத்திருந்த முதியவருக்கு அது ஊரை இழந்ததற்குப் பிறகு நேர்ந்த இன்னோர் இழப்பு. வருவது எத்தனை வாரங்களுக்கு என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுவதும், கடைசி நாளில் முறையாக விடைபெறுவதும், இயன்றால் அடுத்து வருபவரை அறிமுகம் செய்து வைப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். வராமல் இருப்பதைவிட வந்து நின்றுபோவது கொடிது.

பாதுகாப்புக்கென வகுக்கப்பட்ட விதிகளைச் சிலர் வீண் தொல்லையாகக் கருதுகின்றனர். முதியோர், குழந்தைகள் போன்று எளிதில் ஏமாற்றப்படக்கூடியவர்களோடு பணியாற்ற முன்வரும் வயதுவந்தோர் காவல்துறையிடம் பெற வேண்டிய நலிவுற்றோர் பாதுகாப்புச் சோதனைச் சான்று அவற்றுள் முதன்மையானது. விண்ணப்பிப்பவர் மீது குற்றப் பதிவு உண்டா என்பதை அது ஆராய்கிறது. பணம் வாங்கவோ கொடுக்கவோ கூடாது, வங்கி அட்டையின் இரகசிய எண்ணைக் கேட்கவே கூடாது, ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது என்ற விதிகளும் உள்ளன. நெருங்கி வாழும் சமூகத்தில் மூன்றாவது விதியே கடினமானது. ஒரே கோயிலுக்கு வருவோர், ஒரே ஊர்ச் சங்கத்தில் இருப்போர் நடுவில் ஒரு சொல் எவ்வளவு விரைவில் பரவும் என்பதை முதியோர் நன்கறிவர், அதனாலேயே வாய் திறக்க அஞ்சுவர். “நீங்கள் எந்த ஊர், பிள்ளை?” என்ற கேள்வி ஈழத்தமிழரிடையே உறவின் கதவைத் திறப்பது, அதே கேள்வி சாதியை அறிந்துகொள்ளும் வழியாகவும் இருந்துவந்துள்ளது. தன்னார்வலர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும், தாம் அதைக் கேட்பவராக இருக்கலாகாது. அன்ரி, அம்மா, ஐயா என்று எப்படி அழைக்க வேண்டும் என்பதையும் முதியவரிடமே கேட்டறிவது நன்று.

பேச வேண்டிய கசப்பான உண்மை ஒன்றுண்டு. அறுபது வயதைக் கடந்தோரில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு உள்ளாகிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அடிப்பது மட்டுமன்று, ஓய்வூதியப் பணத்தைப் பறித்துக்கொள்வதும், வெளியே செல்ல விடாமல் தடுப்பதும், மருந்தை மறுப்பதும், ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவதாக மிரட்டுவதும் அதில் அடங்கும். ஸ்பான்சர் செய்த மகன் கோபப்பட்டால் தம்மை நாடுகடத்திவிடுவார்கள் என்று நம்பி அஞ்சி வாழும் பெற்றோர் உளர். நிரந்தர வதிவிடம் பெற்றவரைப் பிள்ளையோடு மனத்தாங்கல் என்ற காரணத்துக்காக வெளியேற்ற முடியாது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வாரம் ஒருமுறை வரும் வெளியாள் ஒருவரால் மட்டுமே இயலலாம். தன்னார்வலர் இங்கு நீதிபதி ஆகக் கூடாது. தாம் கண்டதைத் தம் அமைப்பின் பொறுப்பாளரிடம் தெரிவிப்பதும், உயிருக்கு ஆபத்து எனில் 911ஐ அழைப்பதும் அவர் கடமை.

இத்தொண்டுக்குப் பணமோ ஆளோ இல்லாமை பெரிய தடையன்று. “பிள்ளையள் நாங்கள் இருக்கேக்க வெளியாள் எதுக்கு?” என்ற கேள்வியே பெருந்தடை. வெளியார் ஒருவர் வந்து தாயோடு பேசிச் செல்வது தாம் தாயைக் கைவிட்டதற்குச் சாட்சியாகிவிடும் என்று பிள்ளைகள் அஞ்சுகின்றனர். பிள்ளைகளின் மானத்தைக் காக்கப் பெற்றோரும் தேவையில்லை என்று சொல்லிவிடுகின்றனர். இந்த மானத்தின் உள்ளே அன்பு இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊரில் எந்தத் தாயையும் பிள்ளைகள் மட்டும் தனித்துப் பார்த்துக்கொண்டதில்லை. வேலியில் விட்ட சிறு திறப்பான பொட்டு வழியாக அடுத்த வீட்டுக்காரி வந்துபோனாள், கிணற்றடியில் பேச்சு இருந்தது, சந்தையில் அறிந்த முகங்கள் இருந்தன, கோயில் திண்ணை இருந்தது. தேரும் திருவிழாவும் சாவீடும் கலியாண வீடும் முதியோரை நாள்தோறும் மனிதர் நடுவே வைத்திருந்தன. அந்த ஏற்பாடு முழுவதும் கடல் கடந்தபோது விடுபட்டு, மகனும் மருமகளும் மட்டும் எஞ்சினர். ஊர் செய்துவந்த வேலையை இரண்டு பேர் செய்ய முடியாது என்பதை ஏற்பதில் எந்த மானக்குறைவும் இல்லை. தன்னார்வலர் பிள்ளையின் இடத்துக்கு வருபவர் அல்லர்; வேலிக்கு அப்பாலிருந்து வந்த அந்த அடுத்த வீட்டுக்காரியின் இடத்துக்கு வருபவர்.

முதியோரைத் தொண்டு பெறுபவராக மட்டும் நோக்குவதும் குறையே. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தபால் அதிபர்களும் கிராம சேவகர்களும் நிறைந்த தலைமுறை அது. பிறருக்கு மனு எழுதிக் கொடுத்தே வாழ்ந்தவர்கள் அவர்கள். வார இறுதித் தமிழ் வகுப்புகளிலும் கோயில் மடப்பள்ளிகளிலும் நூலகங்களிலும் அவர்களிற் பலர் இன்றும் உழைக்கின்றனர். வெளியே செல்ல இயலாதபோதும் அவர்கள் தொண்டு செய்ய முடியும் என்பதைத் தொற்றுக்காலம் காட்டியது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் முதியோர் இல்லங்களின் கதவுகள் பார்வையாளருக்கு மூடப்பட்டன. தொற்றின் முதல் அலையில் கனடாவில் நிகழ்ந்த இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களிலேயே நிகழ்ந்தன. அக்காலத்தில் தொலைபேசி ஒன்றே துணையாயிற்று. நடக்க இயலாத முதியவர் ஒருவரால்கூடக் காலை எட்டு மணிக்கு இன்னொரு முதியவரை அழைத்து, எழுந்துவிட்டாரா, தேநீர் குடித்தாரா, சீனி வருத்தத்துக்கான குளிசையைப் போட்டாரா என்று கேட்க முடியும். அப்படிக் கேட்பவருக்கும் அன்றைய நாளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

முதியோரைச் சந்திக்கும் திட்டங்கள் பெரும்பாலும் தன்னார்வலரிடம் கேட்பது வாரத்துக்கு ஒரு மணி நேரமே. டொராண்டோவில் வாழும் வாசகர்கள் 211 என்ற எண்ணை அழைத்தால், தம் பகுதியில் இத்தகைய பணியை நடத்தும் அமைப்பு எது என்பதை அறியலாம். தமிழிலேயே பேச வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருமாறு கேட்கலாம். ஊரிலிருந்து இதை வாசிப்போர், கனடாவிலுள்ள தம் பெரியம்மாவையோ சித்தப்பாவையோ அழைக்கும்போது அங்கே இரவா பகலா என்று பார்த்து, அவர் வீட்டில் தனியே இருக்கும் பகல் வேளையில் அழைப்பது நன்று.